பியானோவுக்கு வயது சொன்னவர்

கல்லூரி முடித்த புதிதில் நான் பியானோ நிபுணனாக இருந்தேன். பியானோ வாசிக்கத் தெரியாது. அதுவரை பார்த்திருந்ததும் ஒரே ஒரு பியானோதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், தலைமேல் ஊறுகாய் ஜாடிகளைச் சுமந்துகொண்டு நின்றது. அதன் மூடியைத் திறந்து, தங்க எழுத்தில் இருந்த லண்டன் கம்பெனியின் பெயருக்குக் கீழே ஓர் ஆண்டைப் படித்து, மனக்கணக்குப் போட்டு, "இது நூறு வருஷத்துக்கும் மேலான சாமான், மராட்டியர் அரண்மனையிலிருந்தே வந்திருக்கலாம்" என்று குடும்பத்தார் முன்னிலையில் அறிவித்தவன் நான். அறிவித்ததோடு நில்லாமல் கல்லூரி மலரில் கட்டுரையும் எழுதினேன். நான் படித்தது கம்பெனி தொடங்கிய ஆண்டு. அல்வாக் கடைப் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆண்டை அல்வாவின் வயது என்று நம்பி, வாங்கியதைக் கொட்டிவிட்டு வந்த ஆளை நீங்கள் பார்த்ததில்லை என்றால் என்னைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த அறியாமை கட்டுரையோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது அரசாங்கம் நில உச்சவரம்பைக் குறைத்திருந்த காலம். தஞ்சாவூர் ஜில்லாவின் பெரிய வீடுகளில் திடீரென்று பாசம் பெருக்கெடுத்தது. சிலர் மைத்துனன் பெயரில் நிலத்தை எழுதினார்கள், சிலர் சமையல்காரர் பெயரில், ஒருவர் என்றோ செத்துப்போன அத்தையின் பெயரில். எங்கள் பெரியப்பாவின் வக்கீல் என் கட்டுரையைப் படித்தார். அதைப் படித்த ஒரே வாசகர் அவர்தான் என்று நினைக்கிறேன். படித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். எங்கள் கொள்ளுத்தாத்தா, பெருமாள் கோவில் நவராத்திரியில் இங்கிலீஷ் நோட்டு வாசிப்பதற்காக இந்தப் பியானோவை வாங்கி, அதன் பராமரிப்புக்கென்று ஆற்றங்கரை நிலத்தைக் கட்டளையாக எழுதிவைத்தார் என்று சொல்லலாம். தருமத்துக்கு விட்ட பழைய நிலத்துக்கு விலக்கு உண்டு. இப்படியாக, காவிரித் தண்ணீர் நேரே பாயும் நிலத்துக்கு ஒரு பியானோ மிராசுதார் ஆயிற்று.

அந்த நிலத்தைத் தலைமுறைகளாகக் குத்தகைக்கு உழுதுவந்தது மாரிமுத்துவின் குடும்பம். பியானோ ஜெயித்தால் மாரிமுத்து வெளியேற வேண்டும். தோற்றால் நிலம் உபரி என்று எடுக்கப்பட்டு, அவருக்கும் அவர் தெருக்காரர்களுக்கும் பிரித்துத் தரப்படும்.

விசாரணை அதிகாரி என் கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார். "இத எழுதினவரு வாசிப்பாரா?" என்று கேட்டார். "நெறைய வாசிப்பாரு" என்றார் வக்கீல். அதிகாரி சிரிக்காமல், விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் பியானோவின் வயதைச் சொல்லச் சொன்னார். அந்த ஒருவரைத் தேடும் வேலை இயல்பாகவே நிபுணனின் தலையில் விழுந்தது.

தஞ்சாவூரில் மாதாகோவிலில் ஆர்கன் வாசிக்கும் நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார். "நாகப்பட்டினத்துல ஒரு பாய் இருக்காரு. பினாங்குல பியானோக் கடையில இருந்தவரு. வயசு, விலை, எல்லாம் சொல்லிடுவாரு. ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா யோசிச்சுக்கங்க."

"ஏன், கோவக்காரரா?"

"கோவப்படுறதுக்கு அவருக்கு எதிர்ல ஆள் வேணுமே" என்றார்.

நாகப்பட்டினத்தில் அவருடைய மகள் கதவைத் திறந்தாள். "வாப்பா உள்ளதான் இருக்காங்க. போய்ப் பேசுங்க. உங்களத் தெரிஞ்சா பதில் சொல்வாங்க."

"தெரிஞ்சான்னா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா" என்றாள், கடையில் சீரகம் இருந்தால் வாங்கி வாருங்கள் என்பதைப் போல. "வீட்ட விட்டுப் போகப்போறவங்க வாப்பா கண்ணுக்குத் தெரிய மாட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. என்னையத் தெரியாம ரெண்டு வருசமாச்சு. சரி, மாப்பிள்ளை வரப்போறாரு, போயிடலாம்னு நானும் பாக்குறேன். ஒருத்தரையும் காணோம்."

அவர் உயரமாக, ஒல்லியாக, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். சட்டைப் பையில், பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குச்சிக் கண்ணாடி. பியானோவின் வயிற்றுக்குள் பார்ப்பதற்கு அதுதான் கருவி. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். பரீட்சை முடிவில் என் நம்பரைக் கண்டபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி உண்டானதில்லை.

"வாங்க தம்பி. எந்த வீடு? காலி பண்ணிட்டாங்களா?"

"இல்லீங்க. எல்லாரும் இருக்காங்க."

"சரி. சாவி உங்ககிட்டதானே?"

மகள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போனபிறகு அவர் தட்டைக் கண்டார். பிஸ்மில்லா சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவரைப் பற்றிய கதைகள் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஆர்மோனியத்தைப் பார்க்கப் போனவர், டாக்டரின் மனைவி மக்கள் எல்லாரும் சுற்றி நிற்க, "நல்லா வச்சிருந்திருக்காங்க" என்று கம்பவுண்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அறுவடைக்குள் டாக்டர் குடும்பம் கோயம்புத்தூருக்குக் குடிபோயிற்று. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கட்சிக்காரர், தீவிரப் பகுத்தறிவாளர், இதெல்லாம் புரட்டு என்று மேடையிலேயே பேசி, தன் கிராமபோன் பெட்டிக்கு வயது பார்க்க அவரை வரவழைத்தார். தொண்டர்கள் புடைசூழ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் வந்தார், பெட்டியைப் பார்த்தார், தொண்டர்களிடம் சிரித்துப் பேசினார், "இந்தக் கட்சி ஆபீசுக்குத் தலைவர் யாரும் கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்த மழைக்காலத்தில் கட்சி பிளந்தபோது அந்தப் பிரமுகர் மறுபக்கம் போய்விட்டார். அதற்குள்ளாகவே அவர் கறுப்புச் சட்டைக்குள் ஒரு தாயத்து ஏறியிருந்தது என்று துணி வெளுப்பவர் வழியாகச் செய்தி.

இந்தக் கதைகளை முன்பே கேட்டிருந்தால் நான் அவரைப் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேனா? போயிருப்பேன். எனக்கு என் கட்டுரையின்மீது நம்பிக்கை இருந்தது.

எங்கள் ஊரில் பெரியப்பா எதிரில் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்குவார்கள். அவர் ஒருவரை "வாங்க" என்று சொல்வதை நான் கேட்டது குறைவு. அன்று சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "வாங்க பாய், உக்காருங்க" என்றார்.

வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. சத்திரத்துக்குள் நுழைவதுபோல நுழைந்தார். கூடத்தின் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். சாய்வு நாற்காலிக்கு வெளியே நீண்டிருந்த பெரியப்பாவின் காலை, கிடக்கும் உலக்கையைத் தாண்டுவதுபோலத் தாண்டினார்.

"நல்ல வீடு தம்பி" என்றார் என்னிடம். "யாரு இருந்தாங்க?"

அந்த நேரம் பெரியம்மா காபி கொண்டுவந்து நீட்டினாள். அலமாரித் தட்டிலிருந்து எடுப்பதைப் போல அவர் அவள் கையிலிருந்து தம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"சூடு ஆறல" என்றார். "இப்பத்தான் போயிருக்காங்க."

பெரியம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்த ஆள் வேண்டியிருந்தது. கொல்லையில் நின்ற மாரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் குடும்பத்தில் அந்தக் கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் அவர்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையில் முழுப் பாதமும் படாமல் வந்தார்.

"வாங்க, வாங்க" என்றார் இவர், முகமெல்லாம் மலர்ந்து. "இந்தப் பக்கம் பிடிங்க. நீங்கதான் இப்ப இங்க இருக்கிறீங்களா?"

"ஐயையோ, இல்லீங்க" என்றார் மாரிமுத்து. "ஐயாதான் இருக்காங்க. அதோ, ஐயா."

இவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல நாற்காலி. பர்மாத் தேக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஊறுகாய் ஜாடிகள் இறங்கின. வந்தவர் வெள்ளைக் கட்டைகளின்மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டினார். "யானைத் தந்தம்னா ரெண்டு துண்டா ஒட்டியிருப்பாங்க தம்பி. நடுவுல நகம் தட்டும். இது வழுக்கிட்டுப் போவுது பாருங்க. செல்லுலாய்டு." கீழ்ப்பலகையைக் கழற்றினார். எலி கட்டிய கூடு ஒன்று நெற்கதிர்களோடு சரிந்து விழுந்தது. குச்சிக் கண்ணாடியை உள்ளே விட்டு, இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த நம்பரைப் படித்தார்.

"முதல் உலகச் சண்டை முடிஞ்சு, கப்பல் திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப வந்த சாமான். வெயில் நாட்டுக்குன்னே பித்தளை ஆணி போட்டு முறுக்கியிருக்கான். இதோட அண்ணன் தம்பியெல்லாம் பினாங்குல எங்க கடையில நின்னுச்சு."

"மேல ஒரு வருஷம் போட்டிருக்கே?" என்றேன்.

"அது கடை தொறந்த வருஷம் தம்பி."

கூடத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். பியானோவுக்கு நேர்மேலே கொள்ளுத்தாத்தாவின் படம், காய்ந்த மாலையுடன். அடியில் அவர் சிவபதம் அடைந்த ஆண்டு. சண்டை தொடங்குவதற்கே முந்திய ஆண்டு அது. அதாவது, கொள்ளுத்தாத்தா இறந்துபோய், நன்றாக யோசித்து, அதன்பிறகு பியானோ வாங்கியிருக்கிறார். மாரிமுத்துவுக்குப் படிக்கத் தெரியும். அவர் படத்தையும் பெரியப்பாவையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாய்" என்றார் பெரியப்பா. குரல் தணிவாக இருந்தது. "சண்டைக்கு முந்தின சாமான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

வந்தவர் குனிந்து மிதிகட்டையின் தூசியை ஊதிக்கொண்டிருந்தார்.

"பாய், உங்களத்தான்."

ஊதினார்.

பெரியப்பா எழுந்து கைத்தடியால் தரையில் ஓங்கி அடித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த மாடு நின்றது. இவர் நிற்கவில்லை. தன் கூடத்தில், தன் தடியோடு, தன் குத்தகைக்காரருக்கு எதிரில், பெரியப்பா கத்தினார். எதிரே இருந்தவர் ஆளில்லாத வீட்டில் ஒருவர் வேலை செய்வதுபோல, அவசரமில்லாமல், லேசாக ஏதோ முணுமுணுத்தபடி பலகையை மாட்டினார். செவிடாக நடித்தால் கண்ணிமையாவது துடிக்கும். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒன்றும் துடிக்கவில்லை.

"சொல்லுடா அவன்கிட்ட" என்றார் பெரியப்பா என்னிடம். சொன்னேன்.

"யாரு கேட்டாங்க?"

"பெரியப்பா."

"இப்ப எங்க இருக்காங்க?"

மூன்றடி தூரத்தில் மூச்சிரைக்க நின்றவரைக் கைகாட்ட எனக்குக் கை எழவில்லை.

"வீட்ட விட்டுப் போறவங்க எல்லாருமே சாமானுக்கு வயசக் கூட்டிச் சொல்லிட்டுத்தான் போவாங்க தம்பி" என்றார் ஆறுதலாக. "அத நாம எழுதக்கூடாது."

"விலையாவது பெறுமா?"

"தூக்குற கூலிக்கு ஆகாது. இந்த ஊர் ஈரத்துல தந்தி கட்டின முறுக்காணியெல்லாம் பிடி விட்டுடுச்சு. இரும்ப எடைக்குப் போடலாம்." பிறகு, எதற்கென்று தெரியவில்லை, ஒரு கட்டையை அழுத்தினார். மொண்ணையான ஒரு சத்தம் எழுந்து, உத்திரம்வரை போய், இறங்கி வர மனமில்லாமல் அங்கேயே நின்றது. அது அடங்குவதற்குள் பெரியப்பா உள்ளே போய்விட்டார். அன்று மாலை முழுவதும் நிலைக்கண்ணாடி முன்னால் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்று பெரியம்மா சொன்னாள்.

திரும்பும் பேருந்தில் பாய் என்னோடு மிகச் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரர்கள் பினாங்கை விட்டு ஓடியதும், முதலாளி இவரைத்தான் வீடுவீடாக அனுப்பி, விட்டுப்போன சாமானுக்கு விலை போடச் சொன்னாராம். மேசையில் வெட்டிய ரொட்டி அப்படியே. பியானோ மூடி திறந்தபடி. தோட்டக்காரரும் சமையல்காரரும் மட்டும் கொல்லையில் நிற்பார்கள்.

"தனியா போக பயமா இல்லையா?" என்றேன்.

"என்ன பயம்? அவங்கதான் எல்லாரும் இருந்தாங்களே."

வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு வந்து உள்ளதைச் சொன்னார். அதிகாரி அவர் கண்ணுக்குத் தெரிந்தார். அந்த அதிகாரி பதவி உயர்வே இல்லாமல் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார். சில வாய்தாக்கள், ஒரு மேல்முறையீடு, எல்லாம் முடிந்து கட்டளை பொய் என்று ஆயிற்று. பியானோ தன் நிலத்தை இழந்தது. மாரிமுத்துவுக்குப் பட்டா கிடைத்தது. பெரியப்பா வீட்டுக் கொல்லையை ஒட்டிய பங்கு. மோட்டார் கொட்டகை போட்டார். என்னைச் "சின்னய்யா" என்பவர் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அது வயதைக் குறைத்ததுபோல இருந்ததால் ஆட்சேபிக்கவில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் மகனோடு இருக்க மெட்ராஸ் போனார்கள். வீட்டை விற்றாயிற்று, சாமான்களுக்கு விலை போட வேண்டும். பெரியப்பாவே சொல்லியனுப்பினார்: "அந்த ஆளையே கூப்பிடு. காலி வீட்டுக்குத்தான் அவன் லாயக்கு."

வெயில் உச்சியிலிருந்து சாய்ந்த நேரம். நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அவர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே வந்து, துணி கிழிந்து தொங்கிய சாய்வு நாற்காலியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கம் ஐயா. போன தடவை வந்தப்ப உங்களப் பாக்கக் குடுத்துவைக்கல. மன்னிக்கணும்."

அந்த நேரத்தில் எங்கள் பெரியப்பா மெட்ராஸில், எதிர்வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். அதைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் மரியாதையாக உட்கார்ந்தார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்... சரி, அரை தம்ளர் குடுங்க" என்று கையை நீட்டினார். நாற்காலி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் பெரியப்பா ஆயுளில் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசியவரல்ல. அந்தச் சிரிப்புத்தான் என்னை மிகவும் உலுக்கியது.

"பாய், சாமானப் பாக்கலாமா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. நாற்காலியிடம் கேட்டார்: "ஐயா, போன தடவை என்கூட ஒரு தம்பி வந்தாரே, கிளார்க்கு மாதிரி. சாவிகூட அவர்கிட்டதான் இருந்துச்சு. அவரு எங்க?"

"இங்கதான் நிக்கிறேன்" என்றேன். சாவிக்கொத்தை அவர் காதருகே குலுக்கினேன். காற்றில் ஜன்னல் கொக்கி ஆடுகிறதோ என்று பார்ப்பவர்போல அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நாற்காலி சொன்ன பதிலைக் கவனமாகக் கேட்டார். முகம் வாடியது.

"அப்படியா" என்றார். "பாவம். நல்ல பிள்ளை."

டெல்லியில் ஒரு வேலை வந்திருந்தது. ஊரை விட்டே போய்விடுவது என்று நான் முடிவு செய்திருந்ததை அதுவரை ஒரு ஜீவனுக்கும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இந்த விளக்கமெல்லாம் எனக்கு ரயிலில் போகும்போது தோன்றியது. அந்தச் சமயத்தில் தோன்றியது ஒன்றே ஒன்று: கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. வேட்டி தடுக்க, ஒரு செருப்போடு, வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். மாரிமுத்துவின் மோட்டார் கொட்டகையில் போய் நின்றேன். அவர் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"மாரிமுத்து, நான் உங்களுக்குத் தெரியறேனா?"

"சேறு அப்பியிருக்கு. இருந்தாலும் தெரியறீங்க தம்பி."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாற்காலி, சிரிப்பு, சாவி, அவர் என்னைத் தாண்டிப் பார்த்தது, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். மாரிமுத்து மண்வெட்டியைக் கழுவியபடி கடைசிவரை கேட்டார்.

"எங்கப்பா அந்த வீட்டுக் கொல்ல வாசல்ல ஆயுசு பூரா நின்னாரு" என்றார். "உள்ள இருந்தவங்க ஒருத்தர் கண்ணுக்கும் தெரிஞ்சதில்ல. நீங்க ஒரு மத்தியானம் நின்னதுக்கே இப்படி வேர்க்குதா?"